அப்பாவின் துப்பாக்கியை மகன் எடுத்துச் சுடலாமா? தென்காசி மலையடிவாரக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

அப்பாவின் பைக்கை மகன் ஓட்டலாம். ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில் இருக்கும், மகனிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும். போலீஸ் நிறுத்தினாலும் பிரச்சினை இல்லை.

அதே வீட்டு பீரோவில் அப்பாவின் துப்பாக்கியும் இருக்கிறது. முறையான உரிமம் உள்ள துப்பாக்கிதான். அதை மகன் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகலாமா?

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர், புளியங்குடி வட்டாரத்தில் இந்தக் கேள்வி சும்மா கேட்கிற கேள்வி இல்லை. மேற்கே மலை. மலையிலிருந்து இறங்கி வரும் காட்டுப்பன்றியும் யானையும் நெல்லை, வாழையை, தென்னங்கன்றை ஒரே ராத்திரியில் நாசம் செய்துவிட்டுப் போகின்றன. பயிர்க் காவலுக்கென்று அந்தக் காலத்திலேயே உரிமம் வாங்கி வைத்த பெரியவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பிள்ளைகள் சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கிறார்கள். சாரல் சீசனுக்கு ஊருக்கு வரும் மகன், "எப்பா, நீங்க படுங்க. துப்பாக்கியக் குடுங்க, ராத்திரி நான் போய்ப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்வது இயல்புதான். அப்பா மேல உள்ள அக்கறையில் சொல்வது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த ராத்திரி என்னவாக மாறும் என்பது இரண்டு பேருக்குமே பெரும்பாலும் தெரியாது.

விரிவாகப் பார்க்கலாம்.

உரிமம் வீட்டுக்கா, ஆளுக்கா?

இந்தியாவில் துப்பாக்கி தொடர்பான எல்லாவற்றுக்கும் அடிப்படை 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். நடைமுறைகள் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளில் இருக்கின்றன. 2019-ல் சட்டத்தில் முக்கியமான திருத்தங்கள் வந்தன.

சட்டத்தின் 3-வது பிரிவு சொல்வது இதுதான்: உரிமம் இல்லாத யாரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ வாங்கக்கூடாது, கைவசம் வைத்திருக்கக்கூடாது, எடுத்துச் செல்லவும் கூடாது. தோட்டாவும் சேர்த்துத்தான் என்பதைக் கவனியுங்கள். "துப்பாக்கி வீட்லதான் இருக்கு, பையில நாலு தோட்டாதான் கெடந்துச்சு" என்ற பதில் செல்லாது.

உரிமம் ஒரு குறிப்பிட்ட நபருக்கு, குறிப்பிட்ட எண் கொண்ட துப்பாக்கிக்கு, குறிப்பிட்ட எல்லைக்குள் தரப்படுகிறது. குடும்பத்துக்கு என்று ரேஷன் கார்டு மாதிரி தருவதில்லை. மகனுக்குத் தனியாக ஒரு உரிமம் இருந்தாலும், அதில் எந்தத் துப்பாக்கி பதிவாகியிருக்கிறதோ அதுதான் அவருடையது. அப்பாவின் துப்பாக்கி அதில் தானாகச் சேர்ந்துவிடாது.

எனவே முதலில் செய்ய வேண்டியது உரிமப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பது. உரிமதாரருக்காகத் துப்பாக்கியை எடுத்துச் செல்லும் ஆளின் பெயரை 'ரீடெய்னர்' என்று உரிமத்திலேயே பதியும் வழக்கம் உண்டு. பயிர்ப் பாதுகாப்பு உரிமம் என்றால் அதன் நிபந்தனைகளும் தனி. உங்கள் பெயர் அதில் எழுத்தில் ஏறியிருக்கிறதா? இல்லையென்றால், நீங்கள் மூத்த மகனாக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் சரி, சட்டத்துக்கு ஒன்றுதான்.

"அப்பா பக்கத்துலதான் இருந்தாங்க"

இந்த இடத்தில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். ஏனென்றால் 3-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்மையிலேயே இருக்கிறது. உரிமதாரர் உடன் இருக்கும்போது, அல்லது அவர் எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தால், உரிமம் இல்லாத ஒருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம்.

எதற்காக என்பதையும் அதே வரி சொல்லிவிடுகிறது. மூன்றே காரணங்கள். துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கொண்டுபோக. உரிமத்தைப் புதுப்பிக்கக் கொண்டுபோக. அல்லது அந்த உரிமதாரரே பயன்படுத்துவதற்காக.

அதாவது முட்டி வலியால் நடக்கச் சிரமப்படும் அப்பாவுடன் சேர்ந்து, அவர் துப்பாக்கியை மகன் தோளில் சுமந்து வரலாம். அப்பா எழுதிக் கொடுத்த கடிதத்துடன் ரிப்பேருக்கு கன் ஹவுஸுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அப்பா வரப்பில் உட்கார்ந்திருக்க, மகன் குறிபார்த்துச் சுடுவதற்கு இந்த விதிவிலக்கில் இடம் இல்லை. 'உரிமதாரர் பயன்படுத்த' என்று இருக்கிறதே தவிர, 'உரிமதாரர் முன்னிலையில் மற்றவர் பயன்படுத்த' என்று இல்லை. சின்ன வித்தியாசம்தான், வழக்கு என்று வந்தால் அதுதான் நிற்கும்.

சரி, துப்பாக்கி இருக்கும் வீட்டில் மகன் குடியிருக்கிறாரே, அதுவே குற்றமா? இல்லை. ஆயுதம் இருப்பது தெரிந்து, அதன் மீது ஒருவருக்குக் கட்டுப்பாடும் இருந்தால்தான் அது அவர் 'கைவசம்' இருப்பதாகக் கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. 1994-ல் நடிகர் சஞ்சய் தத் தொடர்பான வழக்கில் வந்த தீர்ப்பிலும் இது பேசப்பட்டது. அப்பாவின் பீரோ, அப்பாவின் சாவி என்று இருக்கும்வரை துப்பாக்கி அப்பாவின் கைவசம்தான். அப்பா மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போய்விட்டார், சாவி மகனிடம் இருக்கிறது என்றால் நிலைமை மாறத் தொடங்குகிறது. அப்படி நீண்ட நாள் வெளியூர் போகும்போது துப்பாக்கியை உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுவது நல்லது. தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துப் பழகிய வீடுகளுக்கு இது புதிய வேலையும் இல்லை.

மாட்டினால் என்ன தண்டனை?

உரிமம் இல்லாமல் துப்பாக்கியைக் கைவசம் வைத்திருந்தாலோ எடுத்துச் சென்றாலோ 25-வது பிரிவின்படி குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அதோடு அபராதம். 2019 திருத்தத்துக்கு முன்பு இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் 2 ஆண்டுக்குக் கீழேயும் குறைக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை நீதிபதி பதிவு செய்ய வேண்டும்.

வெளிநாட்டில் வேலை பார்க்கிறவருக்குச் சிறைத் தண்டனையை விடப் பெரிய அடி வேறு இடத்தில் விழும். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் புதுப்பிப்பதிலும், வேலைக்கான காவல்துறைச் சான்று வாங்குவதிலும் சிக்கல் வரும்.

அப்பாவும் தப்ப முடியாது. உரிமம் உள்ளவரா என்று பார்க்காமல் துப்பாக்கியை ஒருவரிடம் கொடுப்பது தனிக் குற்றம். உரிம நிபந்தனையை மீறியதற்கு 30-வது பிரிவின் கீழ் 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இவற்றுக்கு மேலாக, உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ மாவட்ட நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. பல வருடம் ஒரு கறையும் இல்லாமல் வைத்திருந்த உரிமம் ஒரே ராத்திரியில் போய்விடும்.

கல்யாண வீட்டில், கோயில் கொடையில் 'சும்மா ஒரு வெடி' என்று வானத்தைப் பார்த்துச் சுடுவதும் இப்போது குற்றம். பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது உரிமம் உள்ள அப்பாவுக்கும் பொருந்தும்.

இதுவரை சொன்னது எல்லாம் உரிமம் உள்ள துப்பாக்கி பற்றி. உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் யார் யாரிடம் இரவல் வாங்கினார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதைச் செய்வதற்கும் விற்பதற்கும் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை இருக்கிறது.

மலையடிவாரத்துக்குக் கூடுதல் சட்டம்

கும்பகோணத்தில் இருப்பவருக்கு இல்லாத ஒரு கட்டுப்பாடு தென்காசி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு உண்டு. அது ஆயுதச் சட்டத்தில் இல்லை, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதனால் பலர் கண்ணில் படுவதில்லை.

தெற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வடக்கே சிவகிரி, புளியங்குடி பக்கம் 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வன உயிரினச் சரணாலயம். ஒரு இடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டால், அதற்குள்ளும் அதைச் சுற்றி 10 கி.மீ. தூரத்துக்குள்ளும் குடியிருக்கும் துப்பாக்கி உரிமதாரர்கள் 3 மாதத்துக்குள் வனத்துறையிடம் தங்கள் பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 34-வது பிரிவு. அந்த 10 கி.மீ. சுற்றளவுக்குள் புதிதாக யாருக்கும் துப்பாக்கி உரிமம் கொடுக்க வேண்டும் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் தேவை. மலையடிவார ஊர்கள் பலவும் இந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

"எங்க அப்பாவுக்குக் குடுத்தாங்க, எனக்கு ஏன் இழுத்தடிக்காங்க?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பகுதி பதில் இதில் இருக்கிறது. அப்பா உரிமம் வாங்கிய காலத்தில் இங்கே பல இடங்களில் சரணாலயம் என்ற அறிவிப்பே கிடையாது.

சரணாலயத்துக்குள் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்துடனும் நுழையக்கூடாது என்று 31-வது பிரிவு சொல்கிறது. தோட்டத்தின் மேற்கு எல்லை எங்கே முடிகிறது, காட்டின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று இருட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பன்றியைச் சுடலாம்னு அரசே சொல்லியிருக்கே?

சொல்லியிருக்கிறது. ஆனால் விவசாயி சுடலாம் என்று சொல்லவில்லை.

2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததன்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ.க்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் சுடலாம். அதையும் பயிற்சி பெற்ற அரசுப் பணியாளர்கள்தான் செய்ய வேண்டும். மலையை ஒட்டிய வயல்காரருக்கு இதில் பெரிய ஆறுதல் இல்லை என்பது உண்மைதான். பன்றித் தொல்லை அதிகமாக இருப்பதே அந்த முதல் 3 கி.மீ.க்குள்தானே.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், செங்கோட்டையைத் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை. அங்கே கேரளச் சட்டம். பயிரை நாசம் செய்யும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-ல் கேரளா உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அங்கே உரிமம் உள்ளவர்கள் அந்த உத்தரவின் பேரில் சுடுகிறார்கள். அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் முயன்றால் வழக்குத்தான் வரும். அங்கேயும்கூட இரவல் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை.

அனுமதியில்லாமல் பன்றியைக் கொல்வது வேட்டைதான். சரணாலயத்துக்குள் வேட்டை என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பயன்படுத்திய துப்பாக்கியும் வண்டியும் அரசுக்குச் சொந்தமாகிவிடும். தற்காப்புக்காக, வேறு வழியே இல்லாமல் ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றம் ஆகாது. ஆனால் வன உயிரினச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் துப்பாக்கியுடன் நின்றவர் என்ன பதில் சொல்வார்?

இவ்வளவு கெடுபிடி எங்கிருந்து வந்தது?

ஆயுதம் வைத்திருப்பதற்கான தடை இந்த மண்ணுக்கு ரொம்பப் பழசு. பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இன்றைய தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பாளையக்காரர் போர்கள் முடிந்ததும், 1801 டிசம்பரில் ஆங்கிலேய அரசு தென்பாண்டிச் சீமையில் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவிட்டது. பிறகு 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். சுதந்திரத்துக்குப் பிறகு, 1959-ல் சட்டம் புதிதாக எழுதப்பட்டது. இனப் பாகுபாடு போனது. உரிமம் தனிநபருக்கு என்ற அடிப்படை அப்படியே தங்கிவிட்டது.

அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து சுட வழியே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது தோட்டத்தில் இல்லை, ரைபிள் கிளப்பில்.

அங்கீகாரம் பெற்ற துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்தால், கிளப்பின் துப்பாக்கியைக் கொண்டு, கிளப்பின் சுடுதளத்திலேயே பயிற்சி எடுக்கலாம். உறுப்பினருக்குத் தனி உரிமம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சொந்தத் துப்பாக்கிக்கு உரிமம் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் இலக்குப் பயிற்சிக்கு 12 வயது நிரம்பிய பிள்ளைகளும் மேற்பார்வையில் பழகலாம். சென்னை, திருச்சி, கோவை, மதுரையில் கிளப்கள் இயங்குகின்றன. தென்காசிக்காரர்களுக்கு மதுரை வரை பயணம் என்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

இந்த வழியில் வந்த அப்பா–பிள்ளை ஜோடிகள் நம் நாட்டில் நிறைய. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், துப்பாக்கி சுடுதலைக் குடும்பத்தில் பார்த்து வளர்ந்தவர். பறக்கும் தட்டைச் சுடும் 'டிராப்' பிரிவில், 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அணிக்கான தங்கம் வென்றவர்களில் ஒருவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார். பஞ்சாபைச் சேர்ந்த குர்பீர் சிங் சந்து 1976 ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். அவர் மகன் மானவ்ஜித் சிங் சந்து 2006-ல் உலகச் சாம்பியன் ஆனார். பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 5 ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டவர். அவர் மகள் ராஜ்யஸ்ரீ குமாரி 1968-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

பெரிய குடும்பங்கள், பெரிய வசதி என்று தோன்றலாம். அது ஓரளவு உண்மை. தோட்டா விலையே பலரைத் துரத்திவிடும். ஆனால் நடிகர் அஜித்குமார் 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வாங்கிய பிறகு, நடுத்தர வயதிலும் இதைத் தொடங்கலாம் என்று பலருக்குத் தெரிந்தது.

குறைந்த செலவில் தொடங்க ஏர் ரைபிள் இருக்கிறது. குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் (4.5 மில்லிமீட்டர்), வேகத்திறன் 20 ஜூலுக்கும் மேல் போகாத ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டியில் பயன்படுத்துவதும் 4.5 மில்லிமீட்டர்தான். இதை அப்பாவும் மகளும் மாறி மாறிச் சுடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்று மட்டும்: அதைக் கொண்டுபோய்க் கொக்கையோ மயிலையோ குறிபார்த்தால் மறுபடியும் வன உயிரினச் சட்டம் வந்து நிற்கும்.

வெளிநாடுகளில் எப்படி?

பிரிட்டனில் உரிமதாரர் உடன் இருந்தால், தனியார் நிலத்தில், அவருடைய ரைபிளையோ ஷாட்கன்னையோ இரவல் வாங்கிச் சுடச் சட்டமே அனுமதிக்கிறது. ரைபிளுக்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும். அமெரிக்காவில் விளையாட்டுக்காகத் தற்காலிகமாக இரவல் கொடுப்பது பல மாகாணங்களில் சாதாரணம். அங்கே உறவினர் வீட்டுக்குப் போய் அவர்களோடு சுட்டுப் பழகியவர்கள், இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஆனால் அமெரிக்காவிலும் காற்று மாறி வீசுகிறது. 2021 நவம்பரில் மிச்சிகன் மாகாணத்தில் 15 வயது மாணவன் பள்ளியில் 4 மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். சில நாட்களுக்கு முன் அப்பா அவனுக்காக வாங்கிய துப்பாக்கி அது. அம்மா அவனைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போயிருந்தார். 2024-ல் இருவருக்கும் குறைந்தது 10, அதிகபட்சம் 15 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அப்பாவுக்கு 70 ஆகிவிட்டது. இனி?

துப்பாக்கியை முறையாகப் பிள்ளை பெயருக்கு மாற்ற அப்பா இறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பலருக்கும் தெரியாத விஷயம் இது. 2016 ஆயுத விதிகளின் 25-வது விதிப்படி, உரிமதாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதே, தன் வாரிசுகளில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் பெயருக்கு உரிமம் கேட்கலாம். மகன்தான் என்று இல்லை, மகளும் வாரிசுதான்.

விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனதால், நெல்லைக்கு அலைய வேண்டியதில்லை. பழைய உரிமம் நெல்லை முகவரியில் இருந்தால், யு.ஐ.என். என்ற தனி அடையாள எண் அதில் ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாரிசுக்கும் காவல்துறை விசாரணை உண்டு. துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். உடன்பிறந்தவர்கள் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுப்பதும் வழக்கம். அண்ணன் தம்பிக்குள் நிலத் தகராறு இருக்கும் வீடுகளில் இந்தக் கையெழுத்துதான் கடைசிவரை வராது.

ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். 2019-க்கு முன் 3. தாத்தா வழியில் வந்தது, பரம்பரைச் சொத்து என்றாலும் இதே எண்ணிக்கைதான். உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும்.

அப்பா திடீரென்று இறந்துவிட்டால்? அந்த நிமிடத்தோடு உரிமம் முடிந்துவிடுகிறது. துக்க வீட்டில் யாருக்கும் பரணில் இருக்கும் துப்பாக்கி ஞாபகத்துக்கு வராது. காரியம் முடிந்து, பத்திரங்களைத் தேடும்போதுதான் கண்ணில் படும். தாமதிக்காமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. எடுத்துச் செல்லும் முன் நிலையத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இறப்புச் சான்றிதழ் நகல், உரிமப் புத்தகம், மிச்சம் இருக்கும் தோட்டாக்களை எண்ணி எழுதிய தாள், இவை மூன்றும் கையில் இருக்கட்டும். ஒப்படைத்ததும் துப்பாக்கி எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது அந்த ரசீதாகத்தான் இருக்கும்.